வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் நட்சத்திர மீன்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

என் தொட்டிக்கு முதலில் வந்த நட்சத்திர மீன் மூன்றே நாளில் கரைந்துபோனது. இரண்டாவது, ஐந்து மாதம் நலமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டே பட்டினியால் இறந்தது. மூன்றாவதாக வந்த ஃப்ரோமியா என்னும் சிறிய சிவப்பு இனம் இரண்டு ஆண்டுகளைக் கடந்து இன்றும் பாறையின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் என் திறமை ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை. உப்பளவை ஒழுங்காக அளக்கவும், வாங்காமல் காத்திருக்கவும் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். சென்னையிலோ அதுபோன்ற வெப்பமான ஊரிலோ முதன்முறையாகக் கடல்நீர்த் தொட்டியில் நட்சத்திர மீன் வளர்க்க எண்ணுவோருக்காக, நான் தடுமாறிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் சென்னையின் கொளத்தூர்ப் பகுதிக் கடைகளில் எனக்கு ஆனவை. உங்களுக்குக் கூடவோ குறையவோ ஆகலாம்.

1. முதலில் இனத்தை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் கண்ணைப் பறிக்கும் நீல நிற லின்கியாவோடுதான் திரும்புவீர்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன். புதியவர்கள் வாங்கவே கூடாத இனம் அதுதான். லின்கியா பாறையின்மேல் படரும் மெல்லிய நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்து வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்தப் படலம் சில மாதங்களுக்குள் தீர்ந்துவிடுகிறது. பிறகு உடம்பிலிருக்கும் சேமிப்பைக் கொண்டு காலம் தள்ளுவதால், நாம் வெளியே எதையும் காணாமலே அது பட்டினி கிடக்கிறது. பெரும்பாலான லின்கியாக்கள் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

ஃப்ரோமியா இனங்கள் அதைவிடச் சிறியவை. விரித்த உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உணவுமுறை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் தேவை குறைவு என்பதால், பல மாதம் ஓடிப் பழகிய தொட்டியில் பிழைக்கின்றன. சாக்லேட் சிப் எனப்படும் பழுப்புப் புள்ளிகள் கொண்ட இனமும், சிவப்புக் குமிழ்கள் கொண்ட அதன் உறவினமும் இறால் துண்டை வைத்தால் தின்றுவிடும் என்பதால் வளர்ப்பதற்கு எளியவை. ஆனால் பவளம், கடற்பஞ்சு, சிறு சிப்பி என நகராமல் ஒட்டியிருக்கும் எதையும் அவை விட்டுவைப்பதில்லை. பவளமில்லாத தொட்டிக்கு மட்டுமே அவை பொருந்தும். ‘மணலைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கப்படும் நட்சத்திர மீன், மணலில் வாழும் சிற்றுயிர்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் பிறகு தானும் செத்துப்போகிறது; சிறிய தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

முதல் முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை பிரிட்டில் ஸ்டார்தான். துல்லியமாகச் சொன்னால் அது நட்சத்திர மீனன்று, அதன் நெருங்கிய உறவு. பாம்புபோல் நெளியும் ஐந்து கைகளோடு பகலில் பாறை இடுக்கில் ஒளிந்திருந்து, தீவன வாடை வந்ததும் வெளியே வரும்; மீன்கள் மிச்சம் வைத்ததைத் தின்றே வாழ்ந்துவிடும். பச்சை நிறத்தில் இருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது இரவில் உடம்பைத் தூக்கி ஒரு கூடாரம்போல் நின்று, அடியில் ஒதுங்கும் சிறு மீனைக் கவிழ்ந்து பிடிக்கும்.

ஐந்துக்கு மேல் பல கைகளும் உடலெங்கும் கூரிய முட்களும் கொண்ட ஒன்றை யாரேனும் அரிய வகை என்று காட்டினால், தொடாமல் நகர்ந்துவிடுங்கள். அது பவளத்தையே உணவாகக் கொண்ட முட்கிரீட நட்சத்திர மீன். அதன் முட்களில் நஞ்சு உண்டு.

2. சட்டத்தையும் ரசீதையும் முன்கூட்டியே கவனியுங்கள்

நட்சத்திர மீன்கள் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. ஆகவே, அந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் வந்த விதி நட்சத்திர மீனைப் பொறுத்தவரை எழுவதில்லை. சிக்கல் நட்சத்திர மீனோடு சேர்ந்து வரும் பொருள்களில்தான் இருக்கிறது. பவளத்திட்டை உருவாக்கும் கல் பவளங்கள் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பெற்றவற்றின் பட்டியலில், உள்ளவை. கடல் அட்டையும் கடற்குதிரையும் 2001 முதல் காக்கப்பட்ட உயிரினங்கள். ‘இதையும் எடுத்துக்கொள்ளுங்கள் சார், தொட்டி அழகாக இருக்கும்’ என்று சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு எடுத்து உயிர்ப்பாறை என்று விற்கப்படும் கல்லின்மேல் பவளம் ஒட்டியிருந்தாலும் அதே நிலைதான். நான் செராமிக் பாறைகளை வாங்கி, அவற்றைத் தொட்டி நீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டு நுண்ணுயிர் படியவைத்தேன். தாமதமானாலும் அச்சமில்லாத வழி அது.

கடலிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். ராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அதற்குள்ளிருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. மீனவர் வலையில் தற்செயலாகச் சிக்கி வந்ததை வாங்குவதும் வீண் செலவுதான். வலையில் உரசி, படகில் வெயிலில் கிடந்த நட்சத்திர மீன் பிழைப்பது அரிது.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது ஒரே ஒரு தாள்தான்: இனத்தின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய நாள் ஆகியவை எழுதப்பட்ட ரசீது. ‘மரைன் ஐட்டம் – 1’ என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, பெயரை எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் கடைக்கு வந்து எத்தனை நாளாகிறது என்பதையும் ரசீதின் பின்புறம் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். இறக்குமதித் தாள்கள் இறக்குமதி செய்தவரிடம் இருக்க வேண்டியவை. அவற்றை உங்களுக்குத் தர மாட்டார்கள், ஆனால் கேட்டவுடன் முகம் மாறும் கடையில் வாங்காமல் வருவது நல்லது.

3. பணத்தையும் மாதங்களையும் கணக்கிடுங்கள்

நட்சத்திர மீனின் விலை இந்தச் செலவில் ஒரு தூசு. என் ஃப்ரோமியா 900 ரூபாய். அதை உயிரோடு வைத்திருக்க 200 லிட்டர் தொட்டிக்கு ஆன செலவு இது: தொட்டியும் தாங்கியும் 14,000, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) 24,000, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) 9,000, விளக்கு 8,000, பாறை 8,000, ஆர்ஓ-டிஐ கருவி (நீரைச் சுத்திகரிப்பது) 7,000, 25 கிலோ உப்பு 7,000, டெஸ்ட் கிட்கள் 6,500, இரண்டு வேவ் மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) 4,000, ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பளவு மானி) 1,800. மொத்தம் ஏறக்குறைய 90,000 ரூபாய். இதில் எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விளக்கில் குறையுங்கள். நட்சத்திர மீனுக்கு ஒளி தேவையில்லை. ரிஃப்ராக்டோமீட்டரில் மட்டும் கைவைக்காதீர்கள்.

மாதச் செலவில் உப்பு 850 ரூபாய் அளவில் நிற்கிறது. மின்சாரத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சில்லரும் பம்புகளும் சேர்ந்து நாளொன்றுக்கு நான்கு யூனிட்டுக்கு மேல் இழுத்தன. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால், தொட்டி வந்தபின் வந்த முதல் ரசீதில் கூடுதல் யூனிட்டுக்கான தொகையோடு விகித மாற்றத்தின் சுமையும் சேர்ந்து வந்தது.

காலக்கணக்கு இப்படி வரும். தண்ணீர் நிரப்பி, கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழியத்தில் நிற்க 4 முதல் 6 வாரம். அதன்பின் ஒன்றிரண்டு மீன்களும் நத்தைகளும். ஆறாம் மாதம் பிரிட்டில் ஸ்டார். ஃப்ரோமியா வாங்க ஓராண்டு ஆக வேண்டும். இந்த ஓராண்டு வெறும் சம்பிரதாயமன்று. பாறையில் அதன் சாப்பாடு விளைவதற்கான காலம். பாறைகளை வாரந்தோறும் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கும் தொட்டிக்கு ஐந்து வயதானாலும் அதில் ஃப்ரோமியாவுக்குச் சோறு கிடையாது.

4. தண்ணீரை ஆயத்தம் செய்யுங்கள்

சென்னையின் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1,000-ஐத் தாண்டும். குடிநீருக்கான ஆர்ஓ கருவி போதும் என்று நானும் நினைத்தேன். அந்தக் கருவிகளில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் கலக்கும் அமைப்பு இருப்பதால், வெளிவரும் நீரின் டிடிஎஸ் 50-க்குக் கீழே இறங்கவே இல்லை. மிச்ச உப்புகளை ஈர்த்துக்கொள்ளும் டிஐ பிசின் கொண்ட குடுவையைக் கூடுதலாக இணைத்து, டிடிஎஸ் சுழியத்திற்கு அருகில் வந்த பிறகே உப்பைக் கலக்க வேண்டும். உப்பு ஏறக்குறைய லிட்டருக்கு 38 கிராம். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு சிறிய பம்பை ஓடவிட்டு ஒரு நாள் முழுதும் கலக்கிய பிறகு அளந்து பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கடற்கரைக்குப் போய்க் கேனில் கடல்நீரைப் பிடித்துவருவது இலவசந்தான். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. அதோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்பளவே கீழே இறங்கிவிடும். மீன் அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளக்கூடும். நட்சத்திர மீன் தாங்காது.

5. உப்பளவை ஒரே கோட்டில் நிறுத்துங்கள்

மற்றப் பகுதிகளை மேலோட்டமாகப் பார்த்தாலும் இதைக் கருத்தூன்றிப் படியுங்கள். மீனின் உடல் தன் உப்பளவைத் தானே சீர்செய்துகொள்ளும். நட்சத்திர மீனுக்கு அந்த ஏற்பாடு இல்லை. கடல்நீரையே உடலுக்குள் இழுத்து, அந்த நீரின் அழுத்தத்தால்தான் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை நீட்டி மடக்கி நடக்கிறது. வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும். என் முதல் நட்சத்திர மீனைக் கொன்றது இதுதான். கடையின் தொட்டியில் உப்பளவு 28 பிபிடி (ஆயிரத்தில் 28 பங்கு), என் தொட்டியில் 35. பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டுத் திறந்துவிட்டேன். மறுநாள் ஒரு கையின் நுனி வெளுத்தது. மூன்றாம் நாள் விரல் பட்டதும் ஈரப் பஞ்சுபோல் பிய்ந்துவந்தது.

இலக்கு 35 பிபிடி. ஒப்படர்த்தியில் சொன்னால் ஏறக்குறைய 1.026. ரிஃப்ராக்டோமீட்டரைச் சாதாரண நீரை வைத்துச் சுழியத்திற்குத் திருத்தினால் மட்டும் போதாது. 35 பிபிடி திருத்தக் கரைசல் ஒரு சிறு குப்பி வாங்கி, மாதம் ஒருமுறை அதை வைத்தே திருத்துங்கள். மிதக்கும் பிளாஸ்டிக் மானியை நம்பி என் நண்பர் ஒருவர் ஆறு மாதம் 31-இல் தொட்டியை நடத்திவிட்டு, 35-இல்தான் இருப்பதாகச் சாதித்தார்.

இன்னொரு பொறி ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். 200 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் 35 என்பது 36.8 ஆகிவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட உப்பு நீரை ஊற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு; ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ நீர், அதுவும் தினமும் சிறிது சிறிதாக. தானே நிரப்பும் கருவி ஒன்றை 2,500 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் என்னால் நிம்மதியாக ஊருக்குப் போய்வர முடிந்தது.

6. வெப்பமும் மின்தடையும்

24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருங்கள். மே மாதத்தில் சென்னையில் அறையின் வெப்பமே 33-ஐத் தொடும். மின்விசிறி வைத்து நீரைக் குளிர்விப்பது புழுக்கமான ஊரில் பெரிதாகப் பயன்படுவதில்லை, ஆவியாதலைத்தான் கூட்டுகிறது. சில்லர் வாங்க இப்போது வசதியில்லை என்றால் நட்சத்திர மீனையும் தள்ளிப்போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், இன்வெர்ட்டரில் சில்லரை ஓட்ட முயலாமல் ஒரு வேவ் மேக்கரை மட்டும் இணைத்துவிடுங்கள். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் கையில் இருக்கட்டும். வேவ் மேக்கரின் உறிஞ்சும் வாயில் பஞ்சு வலை போட மறக்காதீர்கள். இரவில் கண்ணாடியில் ஏறும் நட்சத்திர மீனின் கை அதில் இழுபட்டுவிடும்.

7. கடையில் பார்க்க வேண்டியவை

வந்திறங்கிய அன்றே வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வருவதாகச் சொல்லுங்கள். பயணத்தில் அடிபட்டவை அதற்குள் கடையிலேயே இறந்துவிடும். திரும்பப் போகும்போது கைகளின் நுனியைப் பாருங்கள்: வெளுப்பு, சுருக்கம், புண், தொய்வு ஏதேனும் இருக்கக் கூடாது. நீருக்குள்ளேயே மெல்லக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். நலமான நட்சத்திர மீன் ஒரு கையின் நுனியை முறுக்கித் தரையைப் பற்றி, சில நிமிடங்களில் தானே புரண்டு நிமிரும். அதன் அடிப்பக்கத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். லின்கியாவின் கையடியில் பருப்பு அளவில் ஒரு நீல நத்தை ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவதுண்டு.

கடைத் தொட்டியின் உப்பளவைக் கேட்காதீர்கள். உங்கள் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் நீங்களே ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். செலவைக் குறைக்கவும் மீன்களின் ஒட்டுண்ணிகளை அடக்கவும் பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். தொட்டியில் செம்பு கலந்த மருந்து போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும், போட்டிருந்தால் வாங்காதீர்கள். பையில் அடைக்கும்போது நட்சத்திர மீனைக் காற்றில் தூக்காமல், நீருக்கடியிலேயே பைக்குள் நகர்த்தச் சொல்லுங்கள்.

8. சொட்டுச் சொட்டாகப் பழக்குங்கள்

ஒரு விடுமுறை நாளின் காலையை இதற்கு ஒதுக்குங்கள். மூடிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு, நட்சத்திர மீன் மூழ்கியிருக்கும் அளவுக்கு அரை லிட்டர் பைநீரோடு அதை ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டியிலிருந்து காற்றுக்குழாய் வழியாக நீரைச் சொட்டவிடுங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி இறுக்கினால் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சேரும். நீர் இரு மடங்கானதும் பாதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளி பாதியாகும். 28-க்கும் 35-க்கும் இடையே உள்ள 7 பிபிடி, நான்கு சுற்றில், அதாவது நான்கு மணி நேரத்தில், அரைக்கும் கீழே வந்துவிடும். கோடையில் வாளியின் நீர் சூடேறும் என்பதால், இதைக் குளிரூட்டிய அறையில் வைத்துச் செய்யுங்கள்.

கூரியரில் ஒன்றிரண்டு நாள் பயணம் செய்து வந்த பைக்கு இந்த முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, நீரின் பிஎச் ஏறும்; அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா அப்போதுதான் நஞ்சாகும். அந்த நீரில் நான்கு மணி நேரம் உட்காரவைப்பது நல்லதல்ல, உடனே தொட்டியில் விடுவதும் நல்லதல்ல. இந்த இக்கட்டுக்கு எனக்குத் தெரிந்த ஒரே தீர்வு, நட்சத்திர மீனைக் கூரியரில் வாங்காமல் ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இருக்கும் கடையில் வாங்குவதுதான்.

பழக்கி முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் நீரோடு அள்ளி, தொட்டிக்குள் கிண்ணத்தைச் சாய்த்துப் பாறைமேல் இறக்கிவிடுங்கள். அன்று விளக்கைப் போட வேண்டாம்.

9. தீவனம்

பிரிட்டில் ஸ்டாருக்கும் சாக்லேட் சிப்புக்கும் கட்டைவிரல் நக அளவு இறால் துண்டு, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை போதும். சாக்லேட் சிப்பின் கையடியில் துண்டை வைத்துவிட்டுக் காத்திருந்தால், அது மெல்ல வளைந்து உணவின்மேல் கவிழ்ந்து, வயிற்றையே வாய்க்கு வெளியே தள்ளி அதைச் செரிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஃப்ரோமியா பாறையையே நம்பியிருக்கிறது. நான் பின்பக்கக் கண்ணாடியைத் தேய்ப்பதில்லை; விருந்தினர் பார்த்து முகம் சுளித்தாலும் அந்தப் பச்சைப் படலம் அதற்கான மேய்ச்சல் நிலம். ஒரு தொட்டிக்கு ஒரு ஃப்ரோமியா மட்டுமே; துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது வாங்கினால் இருக்கும் சோற்றைப் பாதியாக்குகிறீர்கள்.

10. உங்கள் வீட்டிலேயே இருக்கும் நஞ்சுகள்

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கடைக்காரர் தரும் மருந்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். செம்பு பாறையிலும் மணலிலும் தங்கி, பின்னால் வாங்கும் நட்சத்திர மீனையும் கொல்லும். கொசுவிரட்டித் திரவம், கரப்பான் பூச்சித் தெளிப்பான் ஆகியவையும் அப்படித்தான். காற்றுப் பம்பு அறையின் காற்றை இழுத்து நேரே நீருக்குள் செலுத்துகிறது. எங்கள் குடியிருப்பில் பூச்சி மருந்து அடிக்க வரும் நாளில் தொட்டி இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

11. தொய்வு தெரிந்தால்

இரண்டு நாள் ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கைகள் தொய்ந்து உடல் தட்டையாவது, நுனி வெளுப்பது, பாறையைப் பற்றாமல் விழுவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். முதலில் உப்பளவையும், அடுத்து அம்மோனியாவையும் பாருங்கள். பிசகு இருந்தால் மெல்ல, ஒரு நாளைக்கு ஒரு பிபிடிக்கு மேல் மாற்றாமல், திருத்துங்கள். அவசரப்பட்டுத் திருத்துவது இரண்டாவது அடியாகும். கை கரையத் தொடங்கிவிட்டால் தனி வாளிக்கு மாற்றிவிடுங்கள். தொட்டியிலேயே இறந்தால் சில மணி நேரத்தில் குழைந்து, நீர் முழுவதையும் கெடுத்துவிடும். எடுத்தபின் கால் பங்கு நீரை மாற்றி, வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மறுநாள் அம்மோனியாவை மீண்டும் அளந்து பாருங்கள். இறந்தது ஐந்தாறு மாதம் வாழ்ந்தது என்றால் அது பட்டினிதான். அந்தப் பாறைகளில் படலம் மீண்டும் ஊற இன்னோர் ஆறு மாதமாவது விட்டுவிட்டு அடுத்ததை வாங்குங்கள்.